ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தொழில் சொற்களை விளையாட்டாகக் கற்பிப்பது எப்படி?

வந்த கேள்வி இது: “ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு அடுத்து தொழில் பெயர்கள் பாடம். படம் காட்டிச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். தனியாக எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன விளையாட்டு வைக்கலாம்?”

தொத்தோரி மாகாணத்தில், ஜப்பான் கடலை ஒட்டிய சிற்றூர்ப் பள்ளிகளில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தேன். நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாகாணம் அது. மணல்மேடும் பேரிக்காய்த் தோட்டமும் நண்டுப் படகுமாக இருக்கும். அங்கே எனக்கு ஒத்துவந்ததையும் ஒத்துவராததையும் சொல்கிறேன். உங்கள் வகுப்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தப் பாடத்தை நான் பார்க்கும் விதத்தையே மாற்றிய ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். “வாட் டு யூ வான்ட் டு பீ?” பாடத்தின் மூன்றாவது வகுப்பு. அதற்கு முந்தைய இரண்டு வகுப்புகளிலும் அட்டை காட்டினேன், திரும்பச் சொல்லவைத்தேன், பிங்கோ ஆடினோம். நன்றாகவே போகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, தெளிவான குரலில், “ஐ வான்ட் டு பீ எ ஃப்ளவர் ஷாப்” என்றாள். பூக்கடையாக ஆக வேண்டுமாம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஏனென்றால் அவர்கள் காதுக்கு அதில் பிழையே இல்லை.

ஜப்பானிய மொழியில் ‘ஹானயா’ என்றால் பூக்கடை. பூக்கடைக்காரரும் ஹானயாதான். மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து ஹானயா-சான் என்பார்கள். பிள்ளைகள் கடையையே கூட அப்படித்தான் அழைப்பார்கள். ரொட்டிக்கடைக்கு பான்யா-சான், மீன்கடைக்கு சகானயா-சான், கேக் கடைக்கு கேக்கியா-சான். நம்மிடம் பூக்கடை வேறு, பூக்காரர் வேறு. அங்கே ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. வீட்டுக்குப் போய் நான் காட்டிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். படத்தில் முக்கால்வாசி இடத்தைப் பூக்களே அடைத்திருந்தன. ஓரமாக ஒரு பெண் நிற்கிறாள், கையில் எதுவும் இல்லை, எதுவும் செய்யவில்லை. அந்தச் சிறுமி பார்த்தது கடையைத்தான். அவள் சொன்னதும் அதைத்தான்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். தொழிலின் பெயரை மட்டும் கற்றுக்கொடுத்தால் நிற்காது. அந்தத் தொழிலில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான். ஜெயிக்க வேண்டுமென்றால் பிள்ளை வாய் திறந்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆட்டம் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் கைக்கும் காலுக்கும்தான் பயிற்சி.

பாடத்திட்டம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு 2011-இல் ஆங்கிலம் ஒரு ‘செயல்பாடாக’ மட்டும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் அது மதிப்பெண் உள்ள முறையான பாடம். வருடத்துக்கு 70 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மூன்றாம் நான்காம் வகுப்புகளுக்கு அதில் பாதி. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 600 முதல் 700 சொற்கள் பழக வேண்டும் என்பது திட்டம். அதில் தொழில் சொற்கள் இருபது முப்பது வந்தாலே அதிகம். ஆகவே சொற்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. பன்னிரண்டு சொல் போதும், ஆனால் பன்னிரண்டும் வாயில் வர வேண்டும்.

அந்தப் பன்னிரண்டில் பாதியைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். பைலட், டிசைனர், எஞ்சினியர், டிரைவர், நர்ஸ் எல்லாம் கதகானாவில், அதாவது வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், ஜப்பானிய மொழிக்குள் வந்து பல காலம் ஆகிறது. இது பெரிய உதவி, அதே அளவுக்குத் தொந்தரவும்கூட. ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் ஒரு கைதட்டு என்று வைத்தால், பைலட் அவர்கள் வாயில் ‘பா-இ-ரோ-த்-தோ’, ஐந்து தட்டு. ஆங்கிலத்தில் இரண்டே தட்டு. டிசைனர் ‘தெ-சா-இ-னா-ஆ’ என்று ஐந்து, ஆங்கிலத்தில் மூன்று. நர்ஸ் ‘நா-ஆ-சு’ என்று மூன்று, ஆங்கிலத்தில் ஒன்று. “இப்படிச் சொல்லாதே” என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக நான் கைதட்டல் போட்டி வைத்தேன். வகுப்பில் பாதிப் பேர் ஜப்பான் அணி, பாதிப் பேர் ஆங்கில அணி. நான் படத்தைக் காட்டியதும் இரு அணியும் ஒரே நேரத்தில் தட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கில அணி இரண்டு தட்டில் முடித்துவிட்டு நிற்கும்போது ஜப்பான் அணி இன்னும் தட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பு தாங்காது. அப்புறம் அணி மாறுவோம். ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் இரண்டு சொல்லுமே சரி, ஒன்று இந்த ஊருக்கு, இன்னொன்று வெளியூருக்கு என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அவர்கள் சொல்வது தப்பு என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள் மாறிப்போன சொற்களுக்கு மாரு-பாத்சு ஆட்டம் நன்றாக வேலை செய்யும். மாரு என்றால் வட்டம், சரி. பாத்சு என்றால் பெருக்கல் குறி, தப்பு. கேள்வி கேட்டதும் பிள்ளைகள் வகுப்பின் இந்தச் சுவருக்கோ அந்தச் சுவருக்கோ ஓடுவார்கள். ஜப்பானில் எந்தப் பள்ளியிலும் தெரிந்த ஆட்டம் என்பதால் விளக்க வேண்டியதே இல்லை. நான் கேட்கும் கேள்வி, “இந்தச் சொல் விமானம் ஏறுமா?” என்பது. கதகானா சொல்லைக் காட்டுவேன். அப்படியே அமெரிக்காவிலோ இந்தியாவிலோ சொன்னால் புரியுமா? டிசைனர் ஏறும். ‘சாலரிமேன்’, அதாவது மாதச் சம்பளக்காரர், தடுமாறும். ‘ஓஎல்’, அதாவது அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், ஏறவே ஏறாது. ‘தாரெந்தோ’ என்றால் தொலைக்காட்சியில் வரும் பிரபலம். ஆங்கிலத்தில் டேலன்ட் என்றால் திறமை. ‘கேமராமேன்’ அங்கே புகைப்படக்காரருக்கும் சேர்த்து. ‘அருபாய்தோ’ என்ற பகுதிநேர வேலை ஆங்கிலமே இல்லை, ஜெர்மன் மொழியில் வேலைக்கு இருக்கும் சொல். சமையல்காரரைக் குறிக்கும் ‘கொக்கு’ டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. பெண் பிள்ளைகள் விரும்பும் ‘பாதிஷியே’, அதாவது கேக் செய்பவர், பிரெஞ்சு. இவையெல்லாம் ஆங்கிலம் என்றே ஆறாம் வகுப்பு நினைத்திருக்கும். ஓடிப்போய்த் தப்பான சுவரில் நின்றுகொண்டு “ஏஏஏ?” என்று இழுக்கும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அப்படி வியந்த சொல்லை அவர்கள் மறப்பதில்லை.

சொற்களைப் பழக்க ரப்பர் ஆட்டம் ஒன்றே போதும். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நடுவில் ஒரு ரப்பரை வைக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் திரும்பச் சொல்வார்கள். முன்கூட்டி அறிவித்த ஒரு சொல் வந்தால் மட்டும் சொல்லாமல் ரப்பரைப் பிடிக்க வேண்டும். ஜப்பானிய வகுப்பாசிரியர்கள் எல்லோரும் இதை அறிவார்கள். இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘பேக்கர்’ என்று சொல்லாமல் ‘எ பேக்கர்’ என்றே சொல்லிப் பழக்குங்கள். ஜப்பானிய மொழியில் ‘எ’, ‘தி’ போன்றவை கிடையாது. நம் மொழியிலும் இல்லை என்பதால் நமக்கே சில சமயம் நழுவும். தனியாக இலக்கணம் நடத்துவதைவிட, சொல்லோடு ஒட்டவைத்துக் காதில் ஏற்றிவிடுவது எளிது.

சரி, இனி முக்கியமான ஆட்டங்களுக்கு வருகிறேன்.

உங்களிடம் யாரைக் கேட்டாலும் கருத்தா ஆடச் சொல்வார்கள். போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல் அது, சீட்டு என்று பொருள். படங்களைத் தரையில் பரப்பி, ஆசிரியர் “டாக்டர்” என்றதும் பாய்ந்து எடுப்பது. பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் நான் சொன்ன சோதனையில் இது தோற்றுவிடும். 45 நிமிடமும் பேசுவது ஆசிரியர் ஒருவர்தான். வேகமான கை உள்ள இரண்டு பேர் எல்லாச் சீட்டையும் அள்ளிக்கொள்வார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் வருடம் முழுவதும் இப்படித்தான் ஆடினேன்.

ஜனவரி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ‘ஹியாகுனின் இஷ்ஷு’ ஆட்டம் நடந்தது. நூறு புலவர்களின் நூறு பாடல்கள் உள்ள பழைய தொகுப்பு அது. புத்தாண்டுக் காலத்தில் அதைச் சீட்டாக வைத்து ஆடுவது வழக்கம். ஒருவர் பாடலை முதல் அடியிலிருந்து வாசிப்பார். தரையில் இருக்கும் சீட்டுகளில் பாடலின் பின்பாதி மட்டும்தான் எழுதியிருக்கும். முன்பாதியைக் கேட்டதும் பின்பாதி எது என்று தெரிந்து எடுக்க வேண்டும். வாசிக்கும் சீட்டு யோமிஃபுதா, எடுக்கும் சீட்டு தோரிஃபுதா. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நான் கேட்கும் சொல்லையே எடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது புரிந்தது. உண்மையான கருத்தாவில் கேட்பது ஒன்று, எடுப்பது வேறொன்று. நடுவில் மூளை வேலை செய்தாக வேண்டும்.

அடுத்த வகுப்பிலேயே மாற்றினேன். தோரிஃபுதாவில் படம். யோமிஃபுதாவில் பெயர் இல்லை, செய்கை இருக்கும்: “ஐ கெட் அப் அட் த்ரீ. ஐ பேக் ப்ரெட்.” “ஐ கட் ஹேர்.” “ஐ ஹெல்ப் ஸிக் அனிமல்ஸ்.” எடுத்தவர், எடுத்த சீட்டைக் காட்டி “யூ ஆர் எ வெட்!” (நீங்கள் கால்நடை மருத்துவர்) என்று சொன்னால்தான் சீட்டு அவருக்கு. தவறாகத் தொட்டால் ஒத்தெத்சுகி, ஒரு சுற்று கை வைக்கக் கூடாது. இந்த விதியையும் பிள்ளைகளே அறிவார்கள். இரண்டாவது வகுப்பிலிருந்து வாசிப்பவரும் மாணவரே. நால்வர் குழுவில் வாசிக்கும் முறை சுற்றி வரும். இதில் கைவேகம் குறைவான பிள்ளை வாசிக்கும்போது வகுப்பே அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனியாக எழுப்பினால் தலை குனியும் பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்களே, அவர்கள் இதில் பேசுவார்கள். இங்கே அவர்கள் எழுந்து நின்று ‘ஆங்கிலம் பேசவில்லை’, ஆட்டத்துக்கு வேண்டிய சீட்டை வாசிக்கிறார்கள். அவர்கள் வாசிக்காவிட்டால் ஆட்டம் நகராது.

உடம்பை அசைக்க வேண்டிய நாட்களில், குறிப்பாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில், ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் ஆடலாம். வட்டமாக நாற்காலிகள், ஒன்று குறைவாக. நடுவில் நிற்பவர் “நர்ஸ்” என்றால் நர்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் இடம் மாற வேண்டும். அதைவிட ‘நான்-தெமோ பாஸ்கெட்’ என்ற வகை மேல். ‘எது வேண்டுமானாலும்’ என்று பொருள். நடுவில் நிற்பவர் பெயரைச் சொல்லாமல் “ஐ வேர் எ யூனிஃபார்ம்” என்பார். யாருடைய தொழிலுக்கு அது பொருந்துமோ அவர்கள் ஓட வேண்டும். ஒரு முறை “ஐ வொர்க் அவுட்சைட்” என்றதும், கால்நடை மருத்துவர் அட்டை வைத்திருந்த பையன் எழுவதா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றான். மாட்டுப் பண்ணைக்குப் போகும் மருத்துவர் என்றால் வெளியில்தானே? வகுப்பு ஜப்பானிய மொழியில் வாதாடியது. வாதாடட்டும் என்று விட்டுவிட்டேன். தொழிலைப் பற்றி யோசிக்கிறார்கள் அல்லவா?

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று குறிப்பு ஆட்டம். ஒவ்வொரு குழுவும் ஒரு தொழிலை எடுத்து, ‘நான் யார்?’ என்று மூன்று வாக்கியம் எழுத வேண்டும். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்த குழுவுக்கு மூன்று புள்ளி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. மூன்றாவதிலும் யாருக்கும் தெரியவில்லை என்றால் எழுதிய குழுவுக்கு ஒரு புள்ளி குறையும். இந்தக் கடைசி விதி அவசியம். இல்லாவிட்டால் யாருக்கும் புரியாதபடி எழுதுவதே கெட்டிக்காரத்தனம் என்று ஆகிவிடும். பலகையில் ‘ஐ வொர்க்’, ‘ஐ யூஸ்’ என்று இரண்டு தொடக்கங்களும், பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்களும் எழுதிவைப்பேன். வெட்டு, விற்பனை செய், வளர், பிடி, பழுது பார், வரை, ஓட்டு, காப்பாற்று, இந்த மாதிரி. தொழில் சொற்களுக்குப் படம் தயாரிக்கும் நேரத்தில் பாதியை இந்த வினைச்சொற்களுக்குப் படம் தயாரிக்கச் செலவிடுங்கள். அதுதான் பிறகு பல பாடங்களுக்கும் உதவும்.

ஒரு செப்டம்பர் மாத வகுப்பு. அதுவரை தனியாக ஒரு வார்த்தை சொல்லாத பையன், தன் குழுவுக்காக எழுந்து நின்றான். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான்.

“ஐ வொர்க் அட் நைட்.”

“போலீஸ் ஆஃபீஸர்?” என்றது ஒரு குழு. “நோ.”

“ஐ யூஸ் பிக் லைட்ஸ்.”

“பேஸ்பால் ப்ளேயர்!” இரவு ஆட்டங்களில் மைதானத்து விளக்குகள் எரியுமே, அதை நினைத்திருக்கிறார்கள். நல்ல ஊகம். “நோ.” இப்போது தாள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

“ஐ கோ டு தி ஸீ.”

“இகா-த்சுரி!” என்று பாதி வகுப்பு ஜப்பானிய மொழியிலேயே கத்தியது. கணவாய் மீன் பிடிப்பவர். கோடை இரவுகளில் அந்தக் கரையிலிருந்து பார்த்தால் அடிவானம் முழுக்க வரிசையாக வெள்ளை விளக்குகள் தெரியும். வெளிச்சத்துக்குக் கணவாய்கள் மேலே வரும். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி தூங்கப் போகிறவர்கள். என் அட்டைக் கட்டில் அந்தத் தொழில் இல்லை. ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் எழுதினேன்: ‘ஸ்க்விட் ஃபிஷர்மேன்’. அன்று வகுப்பு முடியும்போது எல்லோர் வாயிலும் இருந்த சொல் அதுதான். அச்சிட்ட அட்டையில் இருந்த இருபது சொற்களில் எதுவும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்த் தொழில்களை முதலில் விசாரித்து வைத்துக்கொள்வேன். ‘ஃபார்மர்’ என்ற பொதுச் சொல்லோடு ‘பேர் ஃபார்மர்’ வேண்டும், ஏனென்றால் அங்கே பேரிக்காய்தான் விளைகிறது. நவம்பரில் நண்டுப் பருவம் தொடங்கும்போது நண்டுப் படகு வேண்டும். பள்ளிக்குள்ளேயே பாருங்கள்: சத்துணவு சமைப்பவர்கள், மருத்துவ அறையில் இருக்கும் ஆசிரியை, பழுதெல்லாம் பார்க்கும் பணியாளர், தலைமை ஆசிரியர். சமையலறைக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை அனுப்பி, “எத்தனை மணிக்கு வருகிறீர்கள், இன்று எத்தனை கிலோ அரிசி?” என்று ஜப்பானிய மொழியில் பேட்டி எடுத்து வரச் சொல்லலாம். அதையே மூன்று குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதச் செய்யலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. “உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?” என்று ஆட்டத்தில் கேட்கவைக்காதீர்கள். புத்தகத்தில் அந்த வாக்கியம் எளிதாகத் தெரியும். வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளை இருக்கலாம், வேலை போன வீடு இருக்கலாம், சொல்ல விரும்பாத பிள்ளை இருக்கலாம். ஜப்பானிய ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருப்பார்கள், அது சரியும்கூட. தானாகச் சொன்னால் சொல்லட்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களின் தொழிலோ பள்ளி ஊழியர்களின் தொழிலோ போதும்.

“என்னவாக ஆசைப்படுகிறாய்?” என்பதிலும் கொஞ்சம் மென்மை வேண்டும். ‘ஷோரை நோ யுமே’, எதிர்காலக் கனவு, என்பது ஜப்பானில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியே தீரும் கட்டுரைத் தலைப்பு. பேஸ்பால் வீரர் இச்சிரோ ஆறாம் வகுப்பில் எழுதிய கட்டுரையை அங்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்; தொழில்முறை வீரனாவேன் என்று எழுதி அப்படியே ஆனவர். அந்த உதாரணம் சில பிள்ளைகளுக்குச் சுமை. பெரிய கனவு இல்லாத பிள்ளை, பக்கத்துப் பையன் சொன்னதையே தானும் சொல்லிவிடும். ஆகவே முதல் நாளே “ஐ டோன்ட் நோ யெட்” என்ற வாக்கியத்தையும் கற்றுக்கொடுத்துவிடுங்கள். அதுவும் முழுப் பதில்தான், அதற்கும் புள்ளி உண்டு என்று சொல்லுங்கள். டாயிச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1989 முதல் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. 2021-இல் வெளியான பட்டியலில் தொடக்கப் பள்ளிப் பையன்களின் முதல் இடம் ‘கைஷாயின்’, அதாவது கம்பெனி ஊழியர். கொரோனாக் காலத்தில் அப்பா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதைக் கண்ட பிள்ளைகள் அவர்கள். நீங்கள் விண்வெளி வீரர், கால்பந்து வீரர் என்று அட்டை வைத்திருப்பீர்கள். ‘ஆஃபீஸ் வொர்க்கர்’ அட்டையும் அதே மரியாதையோடு இருக்கட்டும்.

படங்களில் ஆணா பெண்ணா என்பதையும் பாருங்கள். ஜப்பானிலேயே இந்தச் சொற்கள் மாறியிருக்கின்றன. செவிலியரைப் பெண்ணாகவே குறித்த ‘காங்கோஃபு’ 2002-இல் சட்டப்படி ‘காங்கோஷி’ ஆனது. குழந்தைக் காப்பக ஆசிரியர்களின் பெயரும் 1999-இல் அப்படி மாறியது. ‘ஃபயர்மேன்’ என்று அட்டையில் இருந்தால் ‘ஃபயர்ஃபைட்டர்’ ஆக்கிவிடுங்கள். பாதி அட்டைகளில் பெண்கள் இருக்கட்டும். மேலே நான் எழுதிக்கொடுத்த ‘ஃபிஷர்மேன்’ என்பதையும் பின்னால் ‘ஃபிஷர்’ என்று மாற்றினேன். ஒரு சிறுமி அம்மாவும் படகில் போகிறார் என்று சொன்ன பிறகு.

பாடத்தின் கடைசி வகுப்புக்கு விசிட்டிங் கார்டு ஆட்டம். ஜப்பானில் ‘மேய்ஷி’ என்ற பெயர் அட்டை பரிமாறுவது ஒரு தனி மரியாதை. இரண்டு கையாலும் பிடித்து, எழுத்து எதிராளிக்கு நேராகத் தெரியும்படி திருப்பி, தலை தாழ்த்திக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருப்பார்கள், தாங்கள் செய்யக் கிடைத்ததும் அவ்வளவு பெருமையாகச் செய்வார்கள். ஒவ்வொருவரும் ஐந்தாறு அட்டை எழுதுவார்கள்: பெயர், ஆசைப்படும் தொழில், ஏன் என்று ஒரு வரி. சுற்றி நடந்து, ஒருவரைப் பிடித்து, கேட்டு, பதில் சொல்லி, மாற்றிக்கொள்வது. பலரும் இதில் ஜான்கென் சேர்ப்பார்கள். கல்-காகிதம்-கத்தரி போட்டு ஜெயித்தவருக்கு அட்டை. அதில் ஒரு தொல்லை உண்டு. பிள்ளைகள் ஆங்கிலத்தை முணுமுணுத்துத் தள்ளிவிட்டு நேராக ஜான்கெனுக்குப் போய்விடுவார்கள். நான் செய்தது, ஜான்கெனை முன்னால் வைத்தேன். ஜெயித்தவர் கேட்பவர், தோற்றவர் பதில் சொல்பவர். பதில் முழுதாகக் காதில் விழுந்த பிறகுதான் அட்டை கை மாறும். கடைசி பத்து நிமிடம், கையில் சேர்ந்த அட்டைகளை வைத்து “ஹானா வான்ட்ஸ் டு பீ எ வெட்” என்று அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்காமல் அட்டை மட்டும் சேர்த்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

நடுநிலைப் பள்ளிக்குப் போனால் வேலை சுலபம், ஏனென்றால் அங்கே உண்மையான தேவை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம் பல பள்ளிகளில் ‘ஷோகுபா தைகென்’ என்று மாணவர்களைச் சில நாள் கடைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ காப்பகத்துக்கோ வேலைக்கு அனுப்புவார்கள். ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் ஐந்து நாள் அனுப்புகிறார்கள். திரும்பி வந்த வாரத்தில் ‘ஆமாம்-இல்லை’ கேள்வி ஆட்டம் வையுங்கள். ஒருவர் தான் போன இடத்தை மனதில் வைத்துக்கொள்வார், மற்றவர்கள் “டிட் யூ வேர் க்ளவ்ஸ்?”, “டிட் யூ டச் அனிமல்ஸ்?” என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து ‘நோ’ வாங்கினால் தோல்வி. கேட்பதற்கு அவர்களுக்கு உண்மையாகவே ஆவல் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோமின்கான் என்ற ஊர்ப் பொதுக்கூடத்தில் எனக்கு எட்டுப் பேர் வந்தார்கள். தொழிலைக் கேட்டால் எல்லோரும் கம்பெனி பெயரைச் சொல்வார்கள், அல்லது “ஐ ஆம் அன் ஆஃபீஸ் வொர்க்கர்” என்று முடித்துவிடுவார்கள். அங்கே அறிமுகம் என்றாலே இன்ன நிறுவனத்து இன்னார் என்பதுதான். ஆகவே ஒரு விதி வைத்தேன்: கம்பெனி பெயர் கூடாது, பதவிப் பெயர் கூடாது, ஆஃபீஸ் என்ற சொல்லும் கூடாது. போன திங்கட்கிழமை செய்ததை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எந்தப் பிரிவு என்று ஊகிக்க வேண்டும். ‘சோமு’ என்ற பொது நிர்வாகப் பிரிவில் இருந்த ஒருவர், அகராதியைப் பார்த்து ‘ஜெனரல் அஃபேர்ஸ்’ என்றே சொல்லிவந்தவர், எழுந்து நின்று சொன்னார்: “ஐ பை சேர்ஸ். ஐ கால் தி எலிவேட்டர் கம்பெனி. வென் ஸம்படி கெட்ஸ் மேரிட், ஐ ஸென்ட் எ டெலிகிராம்.” மற்ற ஏழு பேரும் ஒரே குரலில் “சோமு!” என்றார்கள். இருபது வருடமாகப் பார்க்கிற வேலையை முதல் முறையாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன் என்றார் அவர்.

உங்கள் முதல் வகுப்புக்கு இவ்வளவும் வேண்டாம். கைதட்டல் ஐந்து நிமிடம், ரப்பர் ஆட்டம் எட்டு நிமிடம், மீதி நேரம் குறிப்புக் கருத்தா. யோமிஃபுதா வரிகளை முந்தின நாளே வகுப்பாசிரியரிடம் காட்டிவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வரி கடினம் என்று அவருக்குத்தான் தெரியும். அவரையும் ஒரு குழுவில் உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். ஆசிரியர் தப்பாகத் தொட்டு ஒரு சுற்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும். படங்களை இணையத்தில் தேடி அச்சிட வேண்டாம். வெற்று அட்டை கொடுத்துப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள், ஆள் கட்டாயம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அந்தப் பூக்கடைச் சிறுமியின் வகுப்பில் பிறகு அப்படித்தான் செய்தோம். அவள் வரைந்த பெண், பூக்களுக்கு நடுவில் குனிந்து, கத்தரிக்கோலால் ஒரு தண்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டிருந்தாள். நேராக வெட்டினால் தண்ணீர் நன்றாக ஏறாது என்று எனக்கு விளக்கினாள்.